பதினோராம் கலம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் பேசினாள்.

"மேடம், இனிமே எல்லா ரிப்போர்ட்டும் கம்ப்யூட்டர்லதான் போடணும். பதினோராம் கலத்துல ‘ஆம்’, ‘இல்லை’ன்னு ரெண்டே ரெண்டுதான் வருது. பழைய ஃபைல் ஒண்ணுல உங்க கையெழுத்துல மூணாவதா ஒரு வார்த்தை இருக்கு. அத எங்க போய் எடுக்கறது?"

"அது கம்ப்யூட்டர்ல கிடைக்காதும்மா. அதுக்கு ஒரு ஆளு ஆறு வருஷம் ஜெயில்ல உக்காந்து யோசிக்கணும்" என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். அந்தப் பெயரே எனக்கு ஒரு தண்டனை. ஸ்ரீபெரும்புதூரில் என் மாமியார், இட்லி கொஞ்சம் கல்லாகிவிட்டால், "நன்னடத்தை ஆபீசர் அவிச்சது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவார். உண்மையில் என் நடத்தைக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. சிறையில் இருக்கும் கைதி விடுப்பு கேட்டு, அதாவது ஊர் மொழியில் பரோல் கேட்டு, மனுப் போட்டால், அவனைச் சிறையிலும் அவன் குடும்பத்தை ஊரிலும் போய்ப் பார்த்து, விடலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. என் அறிக்கை மேலே போகும். மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். முடிவு எங்கள் காகிதத்தைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

பயிற்சியில் ஆறு மாதம் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். மனித மனம், சமூகம், மறுவாழ்வு என்று பெரிய பெரிய வார்த்தைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதையெல்லாம் மூட்டை கட்டி வைக்கச் சொன்னார் என் மேலதிகாரி தணிகாசலம் சார். "அறிக்கைப் படிவத்துல பதினாலு கலம் இருக்கு. பதிமூணு சும்மா ஊறுகாய்மா. பதினொண்ணுதான் சோறு" என்றார்.

பதினோராம் கலம் இதுதான்: ‘செய்த குற்றத்துக்குக் கைதி வருந்துகிறாரா?’

தணிகாசலம் சாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இளவயதில் வானொலியில் செய்தி வாசிக்க விண்ணப்பித்து, குரல் தேர்வு வரை போய்த் திரும்பியவர். அந்தக் குறையை எங்கள் அலுவலகத்தில் தீர்த்துக்கொண்டார். எந்த அறிக்கை வந்தாலும் எழுந்து நின்று, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, சத்தமாக வாசிப்பார். "கலம் ஒன்று. கைதியின் பெயர்." ஒரு நிறுத்தம். "கலம் இரண்டு. தகப்பனார் பெயர்." பதினொன்றுக்கு வரும்போது குரலை ஒரு படி இறக்குவார். "வருந்துகிறாரா?" இங்கே நீளமான நிறுத்தம். தட்டச்சு செய்பவர் கூடக் கையை எடுத்துவிடுவார். "ஆம்." அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கண்ணு நனைஞ்சதா?"

நனைந்தது என்றால் கையெழுத்து. நனையவில்லை என்றால், "அப்புறம் எந்த தைரியத்துல ‘ஆம்’னு போட்ட?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மனிதன் உள்ளுக்குள் வருந்துகிறானா என்பதை வெளியிலிருந்து பார்க்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? இருபது வருடம் நானும் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சிறையில் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். அங்கே கன்னியப்பன் என்று ஒருவன் இருந்தான். வீடு புகுந்து திருடுவதில் கைதேர்ந்தவன். நான் போய் உட்கார்ந்து, "கன்னியப்பன்" என்று பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிடுவான். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. தோள் குலுங்கும். மூக்குச் சிவக்கும். நான் கேட்காத திருட்டுக்கெல்லாம் சேர்த்து வருந்துவான். ஒருமுறை அவன் பிறப்பதற்கு முன் நடந்த திருட்டு ஒன்றுக்குக்கூட வருந்தினான். இரண்டு பீடிக் கட்டு கொடுத்தால் மற்றவர்களுக்கும் அழச் சொல்லிக்கொடுப்பான் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கன்னியப்பனுக்கு ஆம் எழுதினேன். விடுப்பு கிடைத்தது. விடுப்பில் இருக்கும் கைதி வாரம் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து போக வேண்டும். முதல் வாரம் வந்தான், என் மேசை முன்னால் நின்று இன்னொரு முறை அழுதான், போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் கிணற்று மோட்டாரைக் காணோம். அதற்கப்புறம் கன்னியப்பனையும் காணோம்.

நான் நேரே தணிகாசலம் சாரிடம் போனேன். அவர் அவன் ஃபைலை வரவழைத்து, எழுந்து நின்று, பதினோராம் கலத்தை மட்டும் வாசித்தார். "கண்ணு நனைஞ்சுதா இல்லையா?"

"நனைஞ்சது சார்."

"அப்போ நாம கரெக்ட்" என்று உட்கார்ந்துவிட்டார். புது மோட்டார் வரும்வரை மூன்று மாதம் எல்லோரும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனோம்.

இந்த லட்சணத்தில்தான் ஏழுமலை என்னிடம் வந்து சேர்ந்தார்.

ஏழுமலை பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பாகத்தை எடுத்து, விளக்கில் காட்டி, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. பதினைந்து வருடம் அதே வேலை. சந்தேகம் வந்த பாகத்துக்குப் பச்சை ஒட்டியதே இல்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்கள்.

அவர் மேல் இருந்த வழக்கு இது. நிலம் விற்றதில் ஏமாற்றிவிட்டதாக ஊர்ப் புரோக்கர் ஒருவரோடு அவருக்குத் தகராறு. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "உன் ஆபீச கொளுத்தறனா இல்லியா பாரு" என்று கத்தியிருக்கிறார். நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் புரோக்கரின் கொட்டகை ஆபீசும் வாசலில் நின்ற காரும் எரிந்தன. உள்ளே இருந்த வாட்ச்மேனுக்கு வலது கை வெந்துபோனது. ஏழுமலைக்குப் பத்து வருடம்.

அந்த நேரத்தில் தான் கம்பெனியில் ஷிப்டில் இருந்ததாக ஏழுமலை சொன்னார். கார்டு பஞ்ச் ஆன நேரமும் அப்படித்தான் காட்டியது. ஆனால் அரசு வக்கீல் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ‘நம் கம்பெனியில் ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் பஞ்ச் செய்கிற பழக்கம் இருக்கிறது. பஞ்ச் நேரத்தை நம்பவே முடியாது. உடனே நடவடிக்கை எடுக்கவும்.’ எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து நிர்வாகத்துக்குக் கொடுத்தவர் ஏழுமலையேதான். வழக்குக்கு ஒரு வருடம் முன்னால். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. அந்தக் கடிதத்தால் பாதிப் பேருக்குச் சம்பளம் பிடித்திருந்தார்கள்.

நிஜமாகவே அவர் செய்தாரா, செய்யவில்லையா? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதற்கு என் படிவத்தில் கலம் இல்லை.

முதல் தடவை சிறையில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். பக்கவாட்டில் வாரிய தலை. சிறை உடையிலும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

"செய்த குற்றத்துக்கு வருந்துறீங்களா?"

"நான் பண்ல மேடம்."

"சரி. வருத்தம் இருக்கா?"

"பண்ணாததுக்கு எப்டி மேடம் வருத்தப்படறது?"

"புரோக்கரை மிரட்டினீங்கதானே?"

"அது சொன்னேன். பத்து பேர் கேட்டாங்க. சொன்னத சொல்லலன்னு சொல்ல மாட்டேன். ஆனா பண்ல."

கண்ணைப் பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. இல்லை என்று எழுதினேன். வீட்டுக் கூரையை மாற்றக் கேட்ட விடுப்பு, கிடைக்கவில்லை.

இரண்டாம் தடவை அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மனு. நான் பிள்ளைப்பாக்கத்துக்கு விசாரணைக்குப் போனேன். அந்த ஊரில் யாராவது கையில் ஃபைலோடு நடந்தால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள்.

"எந்த சர்வே நம்பர் மேடம்?"

"நிலத்துக்கு வரலைங்க. ஏழுமலை லீவு கேட்டிருக்கார். அவர் வந்தா உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு கேட்க வந்தேன்."

"லீவா?" என்றார் கம்பெனிச் சட்டையோடு நின்ற ஒருவர். "ஜெயில்ல லீவு குடுக்கறாங்களா? எங்க சூப்பர்வைசர் ரெண்டு நாளு கேட்டா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிறான். இன்னா லீவு மேடம், சி.எல்.லா பி.எல்.லா?"

ஏழுமலையின் மனைவி தேவகி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகு புருஷனைத் திட்டினார்.

"இன்னா மேடம் பெரிய வார்த்த? ‘ஆமா’ன்னு சொல்லித் தொலைச்சா நாக்கு அழுகிடுமா? உள்ள இருக்கறவனுங்க எல்லாம் அழுதுட்டு வூட்டுக்கு வந்துட்டுப் போறானுங்க. இந்த ஆளு அங்கயும் போய் கரெக்டு பாத்துகினு கீறாரு."

உள்ளறையில் ஏழுமலையின் அம்மா படுத்திருந்தார். என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, "ஏழுமல எப்ப வரான்?" என்று மட்டும் கேட்டார். விசாரிச்சுச் சொல்றேன் என்றேன். திரும்பச் சிறைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, இல்லை என்று எழுதினேன். அந்த வார்த்தை எழுத ஒரு நொடி ஆகியிருக்குமா, அதுகூட ஆகாது. ஐந்து வாரத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். போலீஸ் காவலோடு இரண்டு மணி நேரம் கூட்டிப் போய்க் கொள்ளி வைக்கச் சொல்லித் திரும்பக் கூட்டி வந்தார்கள். கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன், வேலைக்கும் போனேன்.

மூன்றாம் தடவைதான் விஷயம் முற்றியது. ஏழுமலையின் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் லைனில் வேலை. அதே லைனில் வேலை பார்த்த மணிமங்கலத்துப் பையன்தான் மாப்பிள்ளை. அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, பெரியவர்களை அப்புறம் சம்மதிக்க வைத்த கல்யாணம். அதற்கு அப்பாவுக்கு விடுப்பு கேட்டு மனு வந்த மறுவாரம், மாப்பிள்ளையின் அப்பா முனிரத்தினம் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்காரும்போதே ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொள்வார்.

"மேடம், அந்த பதினொன்னாம் கலத்துல இன்னா எழுதப் போறீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க."

"ஜெயிலு, பிள்ளைப்பாக்கம், எங்க ஊரு எல்லாருக்கும் தெரியும் மேடம், அதுதான் முக்கியம்னு. நான் ஒண்ணு சொல்லிட்றேன். செஞ்சவன் வூட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். ஏழுமல செய்லன்னு ஆறு வருசமா ஒரே வார்த்தைல நிக்கறாரு. அத நம்பித்தான் சொந்தக்காரங்க கிட்ட வாய் குடுத்து கீறேன். நாளைக்கு பரோலுக்காக ‘ஆமா, செஞ்சேன், வருந்தறேன்’னு எழுதிக் குடுத்தார்னு வையுங்க, என் பங்காளிங்க என்ன பஸ்ஸுல வச்சே ஓட்டிடுவானுங்க. கல்யாணம் நின்னுடும்."

"சரிங்க. அப்போ ‘இல்லை’ன்னு எழுதினா?"

"எழுதினா அவரு வர முடியாதே! பொண்ணோட அப்பன் இல்லாம எப்டி தாரை வாக்கறது? ஊர்ல சிரிக்க மாட்டாங்க? அதுவும் ஆகாது."

"ஆம்னும் எழுதக் கூடாது, இல்லைன்னும் எழுதக் கூடாதா?"

"நான் டிரைவர் மேடம். ரூட்டு நீங்கதான் சொல்லணும்" என்று எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குக் கோபமான கோபம். வீட்டில் இட்லியும் அன்று நிஜமாகவே கல்லாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் பேனா முனையில் வந்து உட்கார்ந்துவிட்டது, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கீழே விழும்.

சிறைக்குப் போனேன். இந்தத் தடவை கேள்வியைக் கேட்கவில்லை. பேசினேன்.

"ஏழுமலை, அந்த வாட்ச்மேன் கை வெந்துபோச்சே, அதுக்கு வருத்தம் இருக்கா?"

"இல்லாம இருக்குமா மேடம்? பாவம், அவன் இன்னா பண்ணான்? இன்னிக்கும் அந்தக் கையால சோறு பெசஞ்சி சாப்ட முடியாதாம்."

எனக்கு ஒரே சந்தோஷம். "போதும். வருத்தம் வந்துடுச்சு. ஆம்னு எழுதிடறேன். எதுக்குன்னு யாரு கேட்கப் போறாங்க?"

"இருங்க மேடம். அந்த பேப்பர காட்டுங்க."

படிவத்தைக் கைதியிடம் காட்டுகிற வழக்கம் கிடையாது. காட்டினேன். அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் பாகத்தைப் பார்த்த பார்வை அதுதான் போலிருக்கிறது. பிறகு விரலை ஒரு இடத்தில் வைத்தார்.

"கேள்வியே டிஃபெக்ட் மேடம்."

"என்னது?"

"ஒரு செக் பாயின்ட்ல ரெண்டு செக் இருக்கக் கூடாது. ‘செய்த குற்றத்துக்கு’ன்றது ஒண்ணு, ‘வருந்துகிறாரா’ன்றது ஒண்ணு. ஆமான்னாலும் செஞ்சேன்னு ஆவுது. இல்லன்னாலும் செஞ்சேன், ஆனா வருத்தம் இல்லன்னு ஆவுது. ரெண்டு பக்கமும் ரிஜெக்ட். எங்க கம்பெனில இந்த மாதிரி செக் ஷீட்ட அனுப்பினா தூக்கி மூஞ்சில அடிப்பாங்க."

இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கலத்தை நிரப்பியிருக்கிறேன். ஒருநாள்கூட அதைப் படித்ததில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. எரிச்சலாகவும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"‘செய்த குற்றத்துக்கு’ன்றத அடிச்சிடுங்க. மீதிக்கு நான் ஆமான்னு சொல்றேன்" என்றார்.

"அரசாங்கப் படிவத்துல அச்சடிச்சத அடிக்கக் கூடாதுய்யா."

"அப்ப என்.ஏ. போடுங்க."

"என்.ஏ.ன்னா?"

"ஒரு மாடலுக்கு நாலு ஓட்டை இருக்கும், இன்னொரு மாடலுக்கு மூணுதான் இருக்கும். ஷீட்டு ஒண்ணுதான். நாலாவது ஓட்டை சரியா கீதான்னு கேட்டிருப்பான். சரின்னு போட்டா பொய்யி. சரியில்லன்னு போட்டா பீஸ் வேஸ்ட்டு. அதான் என்.ஏ. அந்தக் கேள்வி இந்த பீஸுக்கு இல்ல." படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். "உங்க ஷீட்லயே போட்டுகீது பாருங்க."

கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தேன். ‘எந்தக் கலமும் காலியாக விடப்படக் கூடாது. பொருந்தாத இடங்களில் பொருந்தாது என எழுதவும்.’

மணமாகாதவரின் மனைவி பெயர்க் கலத்தில் அந்த வார்த்தையை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். பதினொன்றில் எழுதலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

அறிக்கையைத் தணிகாசலம் சார் முன்னால் வைத்தேன். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. அந்த நேரத்தில் வம்பை விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை அவர். வழக்கம்போல் எழுந்து நின்றார். வழக்கம்போல் கையை நீட்டினார்.

"கலம் பத்து. குடும்பத்தாரின் ஒத்துழைப்பு. உண்டு." நிறுத்தம். "கலம் பதினொன்று. செய்த குற்றத்துக்குக் கைதி வருந்துகிறாரா?" நீளமான நிறுத்தம். தட்டச்சு நின்றது. "பொரு…"

குரல் பாதியில் அறுந்துவிட்டது. காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தூரமாகப் பிடித்தார். எந்தத் தூரத்தில் வைத்தாலும் அது அதே வார்த்தையாகத்தான் இருந்தது.

"பொருந்தாதா? என்னம்மா இது, கல்யாண ஜாதகமா?"

"சார், அடியில குறிப்பு இருக்கு."

அடிக்குறிப்பையும் செய்தி போலவே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்தார். "கண்ணு நனைஞ்சதா?"

"இல்ல சார். கண்ணுக்குத் தனியா கலம் இல்ல."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"கேள்விக்குப் பதில் சொல்லணும்னா அந்த ஆளு குத்தத்தை ஒத்துக்கணும் சார். ஆறு வருஷமா ஒத்துக்கல. ரெண்டு தடவை நாம ‘இல்லை’ன்னு எழுதினோம். அப்படி எழுதினப்போ அவர் செஞ்சார்னு அவர் வாயால சொன்ன மாதிரி நாமளே எழுதியிருக்கோம். அதுதான் சார் பொய். அவங்கம்மா எங்கிட்ட, ஏழுமல எப்ப வரான்னு கேட்டாங்க சார். நான் விசாரிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

இதைச் சொல்லும்போது என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தட்டச்சு செய்பவர் தலையைக் குனிந்துகொண்டார். தணிகாசலம் சார் பேனா மூடியைத் திருகினார், திறந்தார், திருகினார்.

"கன்னியப்பன் மோட்டாரத் தூக்கிட்டுப் போனான் பாரு" என்றார் கடைசியில். "அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம்மா. வெளிய சொல்லல." கையெழுத்துப் போட்டு, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று தன் கையாலேயே எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்தும் பார்த்தார், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே.

மேலே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் கலமும் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. பத்து நாள் விடுப்பு.

தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. கல்யாணம் மணிமங்கலத்தில் ஒரு மண்டபத்தில். ஏழுமலை தாரை வார்த்தார், தாலி கட்டியதும் அட்சதை போட்டார், கையில் அரிசி ஒட்டியிருக்கும்போதே வாசலுக்கு ஓடினார். முனிரத்தினம் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு தயாராக நின்றார். பட்டு வேட்டி கட்டிய இரண்டு சம்பந்திகளும் ஒரே பைக்கில் பறந்ததை மண்டபமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. "பத்துக்குப் பத்து நிமிசம் முன்னாடியே போய் நின்னுட்டோம். டேசன்ல ரைட்டரே இன்னும் வரல" என்று முனிரத்தினம் திரும்பி வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை வாழை இலைக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டி, கிழிந்ததைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் இலைக் கட்டோடு வந்து, முனிரத்தினத்துக்கு என்னை முன்பே தெரியும் என்று அறியாமல், பக்கத்தில் இருந்த அவரிடம் அறிமுகம் செய்தார்.

"சம்பந்தி, இவங்கதான் ரெண்டு வாட்டி இல்லைன்னு எழுதினவங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இன்ன தேதியில் இன்ன பாகம் என்று சொல்கிற குரல். முனிரத்தினம் எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஏழுமலை நகரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது வாட்டி, எங்கம்மா இருந்தப்போ எழுதினீங்களே. அதுக்கு வருத்தம் கீதா?"

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. விதி இருந்தது. மேலதிகாரி இருந்தார். மேலே ஒரு குழு இருந்தது. அன்றைக்கு அந்த அடிக்குறிப்பு யார் கண்ணிலும் படவில்லை என்பதும் இருந்தது. பொருந்தாது என்று எழுதிவிடக்கூட எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது.

"ஆமா" என்றேன்.

ஏழுமலை தலையாட்டினார். "சரி மேடம். சாப்டுங்க, பாயசம் ஆறுது" என்றார். என் கண் நனைந்ததா என்று அவர் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பி எடுத்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை பொறுக்கப் போய்விட்டார்.